கஞ்சியும் வேட்டியும் ஒரே சர்க்கரைதான்: பெருமூலக்கூறுகளைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்தி வேட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் மேல் படிந்திருக்கும் கஞ்சி, குளுக்கோஸால் ஆனது. நூலும் குளுக்கோஸ்தான். பருத்தி இழையில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ்; அந்தச் செல்லுலோஸில் குளுக்கோஸைத் தவிர வேறு சர்க்கரை எதுவும் இல்லை. ஆனால் கஞ்சி வெந்நீரில் குழைகிறது, குடித்தால் பசி ஆறுகிறது. நூல் எத்தனை முறை துவைத்தாலும் கரைவதில்லை, நம் குடலில் செரிப்பதும் இல்லை.

ஒரே சர்க்கரை, ஒரு பக்கம் சாப்பாடு, இன்னொரு பக்கம் துணி. இது எப்படி என்று புரிந்துவிட்டால் பெருமூலக்கூறுகள் பாடத்தில் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக இந்தப் பாடத்தை நடத்தியதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என்று நான்கு கட்டம் போட்ட அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு, எது எதால் ஆனது என்று ஒப்பிக்கிறார்கள். அது தெரிய வேண்டியதுதான். ஆனால் எப்படிக் கோர்த்திருக்கிறது என்பதில்தான் பொருளின் குணமே இருக்கிறது. அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வழிகாட்டி முழுவதும் நடக்கப்போகிறது.

செய்து பார்க்கவும் சில இடங்கள் வரும். சோறு வடித்த கஞ்சி, பீட்டாடின் (அயோடின் உள்ள புண் மருந்து), கொஞ்சம் பஞ்சு, நன்றாகப் பழுத்த வாழைப்பழம், பாத்திரம் கழுவும் திரவம், உப்பு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட் இவ்வளவு போதும்.

படி 1: ‘பெரு’ என்றால் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்

ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய ஒரு டால்டன். அந்தக் கணக்கில் நீர் மூலக்கூறு 18, குளுக்கோஸ் 180. இன்சுலின் சுமார் 5,800. ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் சுமார் 64,500. மனிதனின் முதலாம் குரோமோசோமில் உள்ள டி.என்.ஏ-வில் சுமார் 25 கோடி கார இணைகள் (இரண்டு சரங்களிலும் எதிரெதிரே நிற்கும் அலகுகள்; படி 6-இல் பார்ப்போம்). இணைக்கு ஏறத்தாழ 650 டால்டன் என்று பெருக்கினால் 16,000 கோடியைத் தாண்டுகிறது. அவ்வளவும் ஒரே மூலக்கூறு.

இன்று இதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நூறு வருடத்துக்கு முன் பெரும்பாலான வேதியியலாளர்கள் இதை நம்பவில்லை. ரப்பர், ஸ்டார்ச், செல்லுலோஸ் எல்லாம் சின்னச் சின்ன மூலக்கூறுகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்பவை என்றே நினைத்தார்கள். அப்படியில்லை, ஆயிரக்கணக்கான அலகுகள் உறுதியான சகப்பிணைப்பால் (அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு) ஒரே சங்கிலியாகக் கோர்க்கப்பட்டவை என்று 1920-இல் எழுதியவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அவருக்கு நோபல் பரிசு வந்தது 1953-இல். டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியானதும் அதே வருடம்தான்.

படி 2: பூவைப் பாருங்கள், பிறகு முடிச்சைப் பாருங்கள்

பூக்கடையில் சரம் கட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். மல்லிகையை மட்டும் கட்டினால் ஒரு வகை. மல்லிகை, மரிக்கொழுந்து, கனகாம்பரம் கலந்து கட்டினால் கதம்பம். பெருமூலக்கூறுகளும் இந்த இரண்டு வகைதான். ஸ்டார்ச், செல்லுலோஸ் இரண்டும் ஒரே பூவின் சரம். புரதமும் டி.என்.ஏ-வும் கதம்பம். பூவுக்குப் பாடநூலில் மோனோமர் என்று பெயர், சரத்துக்குப் பாலிமர்.

முடிச்சு போடும் விதம் உயிருலகம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு அலகுகள் சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. பிரிக்க வேண்டுமானால் அதே நீரைத் திரும்பக் கொடுக்க வேண்டும். சாப்பாடு செரிப்பது என்பதே இப்படி நீரைக் கொடுத்து முடிச்சவிழ்க்கும் வேலைதான். இதில் ஒரு சின்னக் கணக்கு: தனியாக 180 டால்டன் இருக்கும் குளுக்கோஸ், சரத்துக்குள் போனதும் 162 ஆகிவிடும், 18 நீராகப் போய்விட்டது. தேர்வில் இந்த 18-ஐக் கழிக்க மறந்து மதிப்பெண் இழந்தவர்கள் ஏராளம்.

இனி வேட்டிக்கு வருவோம். குளுக்கோஸ் வளையத்தில் முதலாம் கார்பனையும் அடுத்த குளுக்கோஸின் நான்காம் கார்பனையும் இணைப்பதுதான் முடிச்சு. முதலாம் கார்பனிலிருந்து அந்தப் பிணைப்பு வளையத்தின் தளத்துக்குக் கீழ்நோக்கிப் போனால் ஆல்ஃபா, மேல்நோக்கிப் போனால் பீட்டா. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் ஆல்ஃபா முடிச்சு போட்டால் ஒவ்வொரு குளுக்கோஸும் கொஞ்சம் வளைந்து உட்கார்ந்து, சரம் முழுவதும் சுருளாகச் சுற்றிக்கொள்கிறது. சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ். இதுதான் ஸ்டார்ச்சில் உள்ள அமைலோஸ். பீட்டா முடிச்சு போட்டால் ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது தலைகீழாகவும் மாறி மாறி உட்கார, சரம் நூல் பிடித்தாற்போல நேராக நிற்கிறது. நேரான சரங்கள் பக்கம் பக்கமாக அடுக்கிக்கொண்டு, ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய ஈர்ப்புகளால் ஒன்றை ஒன்று பற்றிக்கொள்கின்றன. அது செல்லுலோஸ். அந்த அடுக்குக்குள் தண்ணீர் புக இடமில்லை, அதனால் கரைவதில்லை. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் நொதியின் பிடி ஆல்ஃபா முடிச்சுக்கு ஏற்ற அளவில் அமைந்தது. பீட்டா முடிச்சு அந்தப் பிடிக்குள் வராது. மாடு வைக்கோலைத் தின்று வாழ்கிறதே என்றால், அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அந்த முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு ஸ்பூன் கஞ்சியில் நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, இரண்டு டம்ளரில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கொஞ்சம் எச்சிலும் மற்றதில் அதே அளவு தண்ணீரும் கலந்து, வெதுவெதுப்பான இடத்தில் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு பீட்டாடின் விடுங்கள். தண்ணீர் சேர்த்த டம்ளர் மை கொட்டியதுபோலக் கருநீலமாகும். அமைலோஸ் சுருளின் நடுவில் உள்ள குழலுக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்காருவதால் வரும் நிறம் அது. எச்சில் சேர்த்ததில் நீலம் மங்கலாக இருக்கும், அல்லது வரவே வராது. அமைலேஸ் சுருளை வெட்டிவிட்டது, அயோடினுக்கு உட்காரக் குழல் இல்லை. அப்படியே ஒரு சொட்டைப் பஞ்சில் விடுங்கள். பழுப்பாகவே நிற்கும். கஞ்சி போட்ட வேட்டியின் ஓரத்தில் விட்டால் நீலமாகும். (பழைய வேட்டியாகப் பாருங்கள். பீட்டாடின் பட்டதை யாரும் குடிக்கக் கூடாது.)

சோறு ஆறியதும் விறைப்பதும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். வெந்தபோது அவிழ்ந்து நீரில் மிதந்த அமைலோஸ் சரங்கள், ஆற ஆறத் திரும்பப் பக்கம் பக்கமாக நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அப்படி இறுகிய ஸ்டார்ச்சின் ஒரு பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. பழைய சோற்றிலும் இது உண்டு.

முடிச்சு திரும்பும் பக்கம் மாறினால் குணம் மாறும் என்பது சர்க்கரைச் சரங்களுக்கு மட்டும் உரிய விதி இல்லை. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால் வெட்டி எடுக்கும் ரப்பர், ஐசோப்ரீன் என்ற அலகின் சரம். பல் வைத்தியர் வேர் சிகிச்சை செய்து பல்லுக்குள் அடைக்கும் கட்டாபெர்ச்சாவும் அதே ஐசோப்ரீன் சரம். ரப்பரில் சரம் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமாக வந்து போகிறது. அதனால் சரியாக அடுக்க முடியாமல் சுருண்டு கிடந்து, இழுத்தால் நீள்கிறது. கட்டாபெர்ச்சாவில் எதிரெதிர்ப் பக்கம். ஒழுங்காக அடுக்கிக் கெட்டியாகிவிடுகிறது.

படி 3: கதம்பமாக இருந்தால் வரிசையைப் படியுங்கள்

புரதத்தின் பூக்கள் அமினோ அமிலங்கள், 20 வகை. 100 அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்னப் புரதத்தை எத்தனை வரிசையில் கட்டலாம்? நூறு 20-களை ஒன்றோடு ஒன்று பெருக்க வேண்டும்: 1-க்குப் பின்னால் 130 பூஜ்ஜியம் போட்டால் வரும் அளவு. அத்தனை சாத்தியங்களில் ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வரிசை உண்டு என்பதை முதலில் முழுமையாகக் காட்டியவர் ஃபிரெட்ரிக் சாங்கர். இன்சுலினின் 51 அமினோ அமிலங்களையும், 21 உள்ள ஒரு சரம், 30 உள்ள இன்னொரு சரம் என்று 1955-க்குள் வரிசைப்படுத்தி முடித்தார். 1958-இல் நோபல் பரிசு.

கைக்கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: சரத்துக்குள் ஒரு அமினோ அமிலத்தின் சராசரி எடை 110 டால்டன். இன்சுலினுக்கு 51 × 110 = 5,610; உண்மை எடை 5,808. ஹீமோகுளோபினில் 574 அமினோ அமிலம், 63,140 வருகிறது. உண்மையில் சுமார் 64,500. தோராயக் கணக்குக்கு இது தாராளம்.

வரிசையில் ஒரு பூ மாறினால் என்ன ஆகும்? ஹீமோகுளோபினின் பீட்டா சரத்தில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அது மின்சுமை கொண்டது, தண்ணீரோடு ஒட்டும். அரிவாள் செல் நோயில் அங்கே வேலின் உட்கார்ந்திருக்கிறது. அது எண்ணெய்க் குணம் கொண்டது, தண்ணீரை விட்டு ஒதுங்கும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினில், இந்த வேலின் பக்கத்து ஹீமோகுளோபினின் ஒரு குழிக்குள் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று, அதோடு இன்னொன்று என்று நீண்ட கம்பிகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு இழுத்துவிடுகிறது. அந்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும்போது வரும் வலி தாங்க முடியாதது. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மாற்றம் இருப்பது 1952-லேயே பதிவாகியிருக்கிறது. அதற்குச் சில வருடம் கழித்துத்தான், 1957-இல் வெர்னான் இங்ரம் மாறியது அந்த ஒரே ஒரு அமினோ அமிலம்தான் என்று காட்டினார். பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் இந்த இடத்தில் நான் எப்போதும் நின்று விடுவேன். ஒரு மூலக்கூறின் வரிசைக்கும் ஒரு குழந்தையின் வலிக்கும் நடுவே உள்ள வழி முழுவதும் இங்கே தெரிகிறது.

படி 4: சரம் எப்படி மடிகிறது என்று கேளுங்கள்

புரதம் நீட்டிக் கிடக்கும்போது எந்த வேலையும் செய்யாது, மடிந்தால்தான் செய்யும். எப்படி வேண்டுமானாலும் மடிய முடியுமா என்ற கேள்விக்குப் பதில் சென்னையிலிருந்து வந்தது. அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு முடிச்சு, திருக முடியாத ஒரு தட்டைப் பலகை போன்றது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு கீல்கள் மட்டுமே திரும்பும். அந்த இரண்டு கோணங்களையும் எந்த அளவில் வைத்தால் அணுக்கள் ஒன்றோடு ஒன்று முட்டாமல் இருக்கும் என்று ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணக்கிட்டு, 1963-இல் ஒரு வரைபடமாக வெளியிட்டார்கள். வரைபடத்தின் பெரும்பகுதி தடைப்பட்ட இடம். அனுமதிக்கப்பட்ட சில தீவுகளில்தான், புரதச் சரம் வழக்கமாக எடுக்கும் ஆல்ஃபா சுருள், பீட்டா தகடு என்ற இரண்டு வடிவங்களும் விழுகின்றன. இன்றும் உலகின் எந்த ஆய்வகத்தில் ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்த்தாலும், அதைச் சரிபார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள்.

ராமச்சந்திரனே கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-இல் கொலாஜனுக்கு மூன்று சரங்கள் கொண்ட அமைப்பை முன்வைத்தார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் தாங்கும் புரதம் அது. மூன்று சரங்களும் கயிறு திரிப்பதுபோல முறுக்கிக்கொள்ளும்போது, ஒவ்வொரு சரத்திலும் மூன்றுக்கு ஒரு அமினோ அமிலம் நடுவில் வந்து மாட்டும். அங்கே இடம் மிகக் குறைவு. 20 அமினோ அமிலங்களில் மிகச் சிறியதான கிளைசினுக்கு மட்டும்தான் அங்கே இடம். அதனால்தான் கொலாஜன் வரிசையில் மூன்றுக்கு ஒன்று கிளைசின். இந்தக் கயிறு உறுதியாக நிற்கப் புரோலின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஒரு ஹைட்ராக்சில் (OH) தொகுதி ஏற்ற வேண்டும், அந்த வேலைக்கு வைட்டமின் சி தேவை. அது இல்லாவிட்டால் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் வருகிறது.

மடிப்பை முடிவு செய்வது எது? பெரும்பாலும் வரிசையேதான். கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன், 124 அமினோ அமிலம் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் நொதியை, மடிப்பை அவிழ்க்கும் யூரியாவில் போட்டு, சரத்தின் வெவ்வேறு இடங்களைப் பிணைக்கும் கந்தகப் பாலங்களையும் உடைத்து, முழுவதும் அவிழ்த்துவிட்டார். பிறகு அந்த ரசாயனங்களை நீக்கியதும் அது தானாகவே பழையபடி மடிந்து வேலை செய்யத் தொடங்கியது. 1972-இல் நோபல் பரிசு. வரிசையை மட்டும் வைத்து மடிப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலுக்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024-இல் நோபல் பெற்றதற்கு அடிப்படை இந்தச் சோதனை சொன்ன உண்மைதான்.

அப்படியானால் அவித்த முட்டை ஆறியதும் ஏன் பழையபடி ஆவதில்லை? பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெள்ளைக்கருவில் புரதம் நெருக்கமாக இருக்கிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் சரங்கள் அவிழ்ந்து, உள்ளே மறைந்திருந்த எண்ணெய்க் குணப் பகுதிகள் வெளியே வருகின்றன. அவை தங்கள் சரத்துக்குள் திரும்புவதற்கு முன் பக்கத்துச் சரங்களோடு சிக்கிக்கொள்கின்றன. ஆன்ஃபின்சன் செய்தது நீர்த்த கரைசலில், ஒவ்வொரு சரத்துக்கும் தனியாக மடிய இடம் இருந்தது.

தயிர் உறைவதையும் இதே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், அது வேறு. பாலில் உள்ள கேசீன் சின்னச் சின்ன உருண்டைகளாக மிதக்கிறது. எல்லாமே எதிர்மின்சுமை கொண்டவை, அதனால் ஒன்றை ஒன்று தள்ளி நிற்கின்றன. உறை ஊற்றியதும் பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்க, பி.ஹெச். (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 6.6-இலிருந்து இறங்கி 4.6-ஐ நெருங்கும்போது அந்த மின்சுமை சமனாகிவிடுகிறது. தள்ளிவிட எதுவும் இல்லை, உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வலையாகின்றன. முட்டையில் மடிப்பு அவிழ்ந்தது, தயிரில் மின்சுமை போனது.

படி 5: யாரோடு கூடி நிற்கிறது என்று பாருங்கள்

ஹீமோகுளோபினில் நான்கு சரங்கள். ஒன்றில் ஆக்சிஜன் ஏறியதும் மற்றவற்றின் வடிவம் சற்று மாறி, அடுத்தடுத்த ஆக்சிஜன் எளிதாக ஏறுகிறது. நுரையீரலில் வேகமாக ஏற்றி, தசையில் வேகமாக இறக்க முடிவது இந்தக் கூட்டினால்தான்.

கொழுப்பை இங்கேதான் சேர்க்க வேண்டும். அட்டவணையில் மூன்றாவது கட்டத்தில் இருந்தாலும் அது பெருமூலக்கூறு இல்லை. ஒரு எண்ணெய் மூலக்கூறு சுமார் 900 டால்டன்தான், சரமும் இல்லை. ஆனால் செல்லைச் சுற்றி உள்ள சவ்வில் கோடிக்கணக்கான கொழுப்பு மூலக்கூறுகள், தண்ணீரை விரும்பும் தலையை வெளியே வைத்து, வெறுக்கும் வாலை உள்ளே மறைத்து, எந்த முடிச்சும் இல்லாமல் அடுக்கி நிற்கின்றன. ஸ்டாடிங்கரை எதிர்த்தவர்கள் ரப்பரைப் பற்றிச் சொன்ன ‘ஒட்டிக்கொண்டு நிற்கும் கூட்டம்’ ரப்பருக்குப் பொருந்தவில்லை, சவ்வுக்குப் பொருந்துகிறது.

படி 6: செய்தியைச் சுமக்கும் சரத்தைக் கையில் எடுங்கள்

டி.என்.ஏ-வைப் படம் பார்த்துப் படித்தது போதும், ஒரு முறை எடுத்துப் பாருங்கள். அரை வாழைப்பழத்தை மசித்து, அரை டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, நுரைக்காமல் மெதுவாகக் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றுங்கள். ஃப்ரீசரில் வைத்துக் குளிர்ந்த ஸ்பிரிட்டை, டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக, சாற்றின் மேல் தனி அடுக்காக நிற்கும்படி விடுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம், ஸ்பிரிட் தீப்பிடிக்கும். சில நிமிடங்களில் இரண்டு அடுக்குக்கும் நடுவே வெண்மையான நூல்கள் மேகம்போல எழும். ஒரு குச்சியால் சுற்றி எடுக்கலாம்.

சோப்பு செல் சவ்வின் கொழுப்பைக் கரைத்தது. டி.என்.ஏ-வின் முதுகெலும்பு பாஸ்பேட், எதிர்மின்சுமை. உப்பின் சோடியம் அதைத் தணித்தது. ஆல்கஹாலில் அது கரையாது, வெளியே வந்தது. கையில் வந்தது சுத்த டி.என்.ஏ அல்ல, பழத்தின் பெக்டினும் புரதமும் கலந்துதான் இருக்கும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த நூலில் நான்கு வகை நைட்ரஜன் காரங்கள்: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். அடினினுக்கு எதிரே தைமின், இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு. குவானினுக்கு எதிரே சைட்டோசின், மூன்று. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வுக்குழு 1952-இல் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரிந்த சுருள் இது. ஜேம்ஸ் வாட்சனும் ஃபிரான்சிஸ் கிரிக்கும் 1953-இல் வெளியிட்ட மாதிரிக்கு அந்தப் படம் பெரிய ஆதாரம். இங்கே முடிச்சு இரண்டு வகை என்பதைக் கவனியுங்கள். நீளவாட்டில் உறுதியான சகப்பிணைப்பு, குறுக்கே எளிதில் விலகும் ஹைட்ரஜன் பிணைப்பு. செய்தி அழியவும் கூடாது, படிக்கத் திறக்கவும் வேண்டும். இரண்டும் இப்படி நடக்கிறது.

ஆர்.என்.ஏ-வின் சர்க்கரையில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் இருக்கிறது. அது பக்கத்து முடிச்சையே தாக்கி அறுக்கக்கூடியது, ஆகவே ஆர்.என்.ஏ சீக்கிரம் சிதையும். தற்காலிகச் செய்திக்கு அதுவே பொருத்தம். அந்தச் செய்தியைப் படித்துப் புரதச் சரம் கட்டும் இடம் ரைபோசோம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவரும் அதன் அமைப்பைத் தீர்த்ததற்காக 2009-இல் நோபல் பெற்றார்கள். அதில் தெரிந்த ஒரு செய்தி: பெப்டைடு முடிச்சைப் போடும் இடத்தில் இருப்பது புரதம் இல்லை, ஆர்.என்.ஏ.

படி 7: தெரியாத ஒன்றை எடுத்துச் சோதியுங்கள்

இறால் உரிக்கும்போது ஓட்டைத் தூக்கிப் போடாமல் கையில் வைத்து, இதே வரிசையில் கேளுங்கள். அந்த ஓட்டில் இருப்பது கைட்டின். பூ எது? குளுக்கோஸ்தான், இரண்டாம் கார்பனில் ஹைட்ராக்சிலுக்குப் பதில் ஒரு அசிட்டைலமினோ தொகுதி. முடிச்சு? பீட்டா, ஒன்றிலிருந்து நான்குக்கு. ஒரே பூ என்பதால் வரிசையைப் படிக்க வேண்டியதில்லை. பீட்டா முடிச்சு என்றால் சரம் எப்படி நிற்கும், பக்கத்துச் சரத்தோடு என்ன செய்யும், தண்ணீரில் கரையுமா, நம் அமைலேஸால் வெட்ட முடியுமா என்று அடுத்த வரியைப் படிக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்.

நேராக நிற்கும், ஹைட்ரஜன் பிணைப்பால் அடுக்கிக்கொள்ளும், கரையாது, அமைலேஸ் தொடாது. இப்போது அந்த அசிட்டைல் தொகுதியை வலுவான காரத்தில் கொதிக்கவைத்து நீக்கினால் அமீன் மட்டும் மிஞ்சும். அமிலத்தில் அது நேர்மின்சுமை பெறும். சரங்கள் ஒன்றை ஒன்று தள்ளும். அந்தப் பொருளுக்குக் கைட்டோசான் என்று பெயர், வினிகர் அளவு அமிலத்திலேயே கரைந்துவிடுகிறது.